அக்கா சொன்னதும் தம்பி எழுதியதும்

12 ஜனவரி

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? அறையில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ 'ம்' கொட்டிக்கொண்டே இன்னொரு திரையைப் பார்க்கிறாய். போன வாரம் அம்மாவின் கண் ஆபரேஷனைப் பற்றிச் சொன்னபோது 'சூப்பர்க்கா' என்றாய். கடிதமென்றால் படித்துத்தானே ஆகவேண்டும்? அம்மாவுக்கும் இதுதான் பிடித்திருக்கிறது. பார்வை இன்னும் தெளியவில்லை, அதனால் உன் கடிதத்தை நான் உரக்கப் படிக்க வேண்டும் என்று உத்தரவு. மாப்பிள்ளை, அதுதான் உன் மாமா, படித்தால் பஸ்ஸில் சீட்டு கிழிப்பவர் மாதிரி இருக்கிறதாம்.

கடையில் வேலை நிறைய. நீ பலகையில் 'பெட்டி ஆஸ்பத்திரி' என்று எழுதி மாட்டியபோது மாமா முகத்தைச் சுளித்தார். இப்போது அவரே தையல் மெஷினில் உட்கார்ந்துகொண்டு 'அடுத்த பேஷண்ட்' என்கிறார். இணையத்தில் அதே பெயரில் நீ தொடங்கிய நம் பக்கத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள்தான் பாதி. ஜிப் போன பை, சக்கரம் கழன்ற பெட்டி என்று அவர்கள் படம் அனுப்புவதும், நீ அதை என் போனுக்குத் தள்ளுவதும், நான் வாயால் சொல்வதை நீ எழுதிப் போடுவதும் ஒரு வழக்கமாகிவிட்டது. ஊர் மாறிப் போனாலும் அதை மட்டும் விட்டுவிடாதே. எனக்கு அதன் உள்ளே எப்படிப் போவது என்றுகூடத் தெரியாது.

வேலை சீக்கிரம் கிடைக்கட்டும்.

உன் அக்கா


30 ஜனவரி

அன்புள்ள அக்கா,

நலம். அம்மாவின் கண் எப்படி இருக்கிறது? சொட்டு மருந்தை நிறுத்திவிடாதே. மாமாவைக் கேட்டதாகச் சொல்.

வேலை கிடைக்கவில்லை. சமூக ஊடக மார்க்கெட்டிங்கில் நம்பிக்கை சம்பாதிப்பது எப்படி என்று சொல்லிக் கொடுக்க இந்த ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். என்னை நம்பத்தான் ஒருத்தரும் இல்லை. தடுக்கி விழுந்தால் ஒரு நிபுணர் மேல்தான் விழ வேண்டும். நேற்று ஒரு நேர்முகத்தில் பெரியவர் ஒருவர் என் சான்றிதழ்களைப் புரட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதெல்லாம் சரி தம்பி. உங்களை நம்பி யாராவது எதையாவது குடுத்திருக்காங்களா?" என்று கேட்டார். சான்றிதழ்களை வாரிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தபோதுதான் நம் பக்கம் நினைவுக்கு வந்தது. அதைத் தொடர்கிற அத்தனை ஆயிரம் பேரில் ஒருத்தரும் காசு கொடுத்துச் சேர்த்தவர் இல்லை. அடுத்த இடத்தில் அதைக் காட்டட்டுமா? நீ சரி என்றால்தான்.

உன் தம்பி


11 பிப்ரவரி

அன்புத் தம்பிக்கு,

சுகம்தானே? அம்மாவுக்கு ஒரு கண் தெளிந்துவிட்டது, இன்னொன்று மங்கல்தான். உன் கடிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். 'என் பிள்ளையை நம்பாதவன் கண்ணுலதான் ஆபரேஷன் பண்ணணும்' என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

தாராளமாகக் காட்டு. உன் கையில் இருப்பதை என்னிடம் கேட்பானேன்? அது வளர்ந்ததில் உன் பங்கு எனக்குத் தெரியும். ஆரம்பத்தில் ஒருவர் வெடித்துப்போன தோல் பையைக் காட்டிக் கேட்டபோது, 'இதுக்குச் செலவு பண்ணாதீங்க, தூக்கிப் போடுங்க, எங்க கடைக்கும் கொண்டு வராதீங்க' என்றேன். வருகிற ஆளை விரட்டுகிறாயே என்று மாமா திட்டினார். நீதான் ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே போட்டாய். வேண்டாம் என்று சொல்கிறவளை நம்பித்தானே வேணும் என்கிறவர்கள் வந்தார்கள். அது உன் புத்தி.

போன வாரம் புதிதாக வந்திருக்கும் அந்தக் கம்பெனிப் பெட்டியின் சக்கரத்தைப் பற்றிச் சொன்னேனே, முதல் பயணத்தில் உருளும், இரண்டாவது பயணத்தில் தலையில்தான் சுமக்க வேண்டும் என்று, அதற்கு நிறையப் பேர் சிரித்து எழுதியிருந்ததாக அடுத்த வீட்டுப் பெண் சொன்னாள். கம்பெனிக்காரன் சண்டைக்கு வந்தால் என்னிடம் அனுப்பு.

குளிரில் வெறுந்தரையில் படுக்காதே.

அக்கா


20 மார்ச்

அன்புள்ள அக்கா, அம்மாவுக்கும் சேர்த்து,

வேலை கிடைத்துவிட்டது. பல கம்பெனிகளின் பக்கங்களைக் கவனித்துக்கொள்ளும் நிறுவனம். கண்ணாடிக் கதவு, ஆளுக்கு ஒரு மேசை. ஆறு மாதம் சோதனைக் காலம், பிறகு நிரந்தரம். நம் பக்கத்தைக் காட்டியதும் மேலாளர் நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். இப்படி ஒரு அக்கா குரல் எங்கேயும் கேட்டதில்லை என்றார்.

பெட்டி தயாரிக்கும் கம்பெனி ஒன்றை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். நான் பெட்டிக் கடையில் வளர்ந்தவன் என்பது இப்போதுதான் பயன்படுகிறது.

பக்கத்தின் தோற்றத்தைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். நீ கவலைப்பட ஒன்றுமில்லை. கேள்விகள் இனிமேல் அதிகம் வரும், வழக்கம்போல் வாய்ஸ் அனுப்பிக்கொண்டே இரு. அம்மாவுக்கு ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி


14 ஏப்ரல்

அன்புத் தம்பிக்கு,

மகிழ்ச்சி. வயிறும் மனசும் நிறைந்தது. அம்மா மருந்துக்கடைக்காரர் முதல் பால் போடுபவர் வரை எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். நீ செய்வது என்ன வேலை என்று அவர்கள் கேட்டால், 'ஜனங்க எதை நம்பணும்னு சொல்ற வேலை' என்கிறாள். நான் திருத்தவில்லை.

பெட்டி வந்தது. அழகான நிறம். ஆனால் தம்பி, இது அந்தச் சக்கரக் கம்பெனியின் பெட்டி. தள்ளுபடியில் கிடைத்ததா? அம்மா எங்கே போகப் போகிறாள், கட்டிலுக்கடியில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். முன்பைவிட இரண்டு மடங்கு கேள்வி வருகிறது. நானும் சமையலுக்கு நடுவில், தையலுக்கு நடுவில் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஆனால் கடைக்கு வருகிற கூட்டம் பாதியாகிவிட்டது. மாமா மெஷினைத் துடைத்துத் துடைத்து அதன் பெயின்டே போய்விடும் போலிருக்கிறது. அடுத்த வீட்டுப் பெண்ணிடம் பக்கத்தைக் காட்டச் சொன்னேன். 'பெட்டி ஆஸ்பத்திரி' என்று தேடினால் ஒன்றும் வரவில்லை என்கிறாள். என்ன ஆயிற்று, பார்த்துச் சொல்.

ஊர் புதிது, சளி பிடித்தால் உடனே டாக்டரிடம் போ.

அக்கா


26 மே

அன்புள்ள அக்கா,

நலம். பதில் தாமதமாகிவிட்டது, வேலை கழுத்தை நெரிக்கிறது. தேடினால் வராததற்குக் காரணம், தேடும் முறையையே அவர்கள் மாற்றியிருக்கிறார்கள். எல்லோருக்கும் இந்தப் பிரச்சினை உண்டு. விடுமுறைக் காலம் முடிந்ததால் கூட்டம் குறைந்திருக்கும்.

நிரந்தரமாக்கும் முன் என் முதல் வாடிக்கையாளரிடம் போனில் பேசுவார்களாம். முதல் வாடிக்கையாளர் நீதானே? என்னைப் பற்றி நல்லதாக இரண்டு வார்த்தை சொல்லு. அவர்களுக்கு வாய் வார்த்தைதான் முக்கியம்.

அம்மா நன்றாக நடக்கிறாளா? மாமாவின் முதுகுவலி தேவலையா? சக்கரப் பெட்டியை அம்மா பயன்படுத்தினால் ஒரு படம் அனுப்பு.

தம்பி


19 ஜூன்

தம்பிக்கு,

நீ நலம் என்று நினைக்கிறேன்.

நேற்றுக் கடைக்கு ஒரு டீச்சர் வந்தார். கையில் ஜிப் போன பை. பழைய பெயர் இருந்த காலத்தில் விலாசத்தைக் குறித்து வைத்திருந்தாராம். 'பழைய பெயர்' என்றால் என்ன என்று எனக்குப் புரியவில்லை. பையைக் கொடுத்துவிட்டு அவர் போகவில்லை, கடை மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உங்ககிட்டதான் கேட்டேன், எங்கம்மாவோட பெட்டி, கைப்பிடி பிஞ்சு வந்துடுச்சுன்னு" என்றார். "தேறாது, புதுசு வாங்கிக்கோங்கன்னு சொல்லிட்டீங்க. நீங்க சொன்னா சரியா இருக்கும்னு குப்பை வண்டியில போட்டுட்டேன். அம்மா போன வருஷம்தான் தவறினாங்க. அப்புறமா மனசு கேக்கல. நிஜமாவே தேறாதாங்க அது?"

அந்தப் பெட்டி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீல நிறம், மூடிக்கு உட்புறம் ஏதோ குழந்தை பென்சிலால் வீடு வரைந்திருந்தது. அதற்காகவே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தேறாது என்று நான் சொல்லவேயில்லை என்றேன். அவர் நம்பவில்லை. என் போனில் இருந்த என் குரலைப் போட்டுக் காட்டினேன். 'ரெண்டு ரிவிட் ஆணி மாத்தினா போதும்மா, உங்க பேத்தி காலத்துக்கும் வரும், எடுத்துட்டு வாங்க.' நான் பேசியதை நானே கேட்டுக்கொண்டு நின்றேன். டீச்சர் தன் போனை எடுத்து, நீ எழுதியதைக் காட்டினார். ஆரம்பம் எல்லாம் நான் பேசியதுதான். என் 'அம்மா', என் 'பாருங்க', என் கிண்டல்கூட இருக்கிறது. கடைசி வரி மட்டும் 'இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க, புதுசு எடுத்துடுங்க'. அதற்குக் கீழே வாங்குவதற்கு ஒரு பொத்தான்.

மேலே சக்கரக் கம்பெனியின் பெயர். மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பொம்பளைப் படம், 'அக்கா சொன்னா சரியா இருக்கும்' என்று. இத்தனை வருஷமாக நான் சொன்ன பதில் எல்லாம் அப்படியே அந்தக் கம்பெனி சொன்னது போல் இருக்கிறது. சக்கரத்தைப் பற்றிச் சொன்னதை மட்டும் அதில் காணவில்லை.

"அப்ப யாருங்க மாத்தினது?" என்று டீச்சர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். கடை வைத்த நாளிலிருந்து வாடிக்கையாளரிடம் நான் சொன்ன முதல் பொய் அதுதான். அவர் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு, 'அப்புறம் வரேன்' என்று போய்விட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. யாரோ மூன்றாம் மனுஷன் செய்திருந்தால் தெருவில் நின்று கத்தியிருப்பேன். நீ என்பதால் எங்கே போய்க் கத்துவது என்றுகூடத் தெரியவில்லை. மார்ச் மாதத்திலிருந்து எனக்கு எதிராக நானே ராத்திரி பகலாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். கூட்டம் குறைந்தது விடுமுறையால் என்று வேறு எழுதினாய்.

நேராகக் கேட்கிறேன். செய்தது நீயா?

அக்கா


17 ஜூலை

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படிக்காதே.

ஒரு மாதமாக எழுதி எழுதிக் கிழித்தேன். அவசரப்பட்டு முடிவுக்கு வராமல் என் நிலைமையையும் கேள். அந்தக் கம்பெனிப் பக்கத்தில் ஈ, காக்கைகூட இல்லை. சோதனைக் காலத்துக்குள் ஆள் சேர்க்க வேண்டும் என்றார்கள். நம் பக்கத்துக்குப் பெயரை மாற்றினால் அத்தனை பேரும் ஒரே நாளில் வந்துவிடுவார்கள் என்று ஒருவர் சொன்னார். அது என் கணக்கில் நான் தொடங்கிய பக்கம்தானே அக்கா? எனக்கென்று காட்ட வேறு என்ன இருந்தது?

பதில்களில் கடைசி வரியை மட்டும்தான் மாற்றினோம். மாற்றினோம் என்று எழுதிவிட்டேன், நான்தான் மாற்றினேன். எல்லாவற்றையும் இல்லை, சந்தேகமாக இருந்தவற்றை மட்டும். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். கடைக்கு வேறு ஒரு புதுப் பக்கம் தொடங்கித் தருகிறேன், இதைவிடப் பெரிதாக வரும்.

ஆகஸ்டில் போன் வரும். அது தவறிப்போனால் நான் மறுபடி அந்தப் படிக்கட்டில்தான் உட்கார வேண்டும். என்மேல் கோபத்தை அதில் காட்டிவிடாதே. மாமாவிடமும் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

உன் தம்பி


9 ஆகஸ்ட்

அக்கா,

நலமா? உன்னிடமிருந்து பதில் இல்லை. போன் செய்தால் அம்மா எடுக்கிறாள், நீ குளிக்கிறாய் என்கிறாள், எந்நேரமும் குளிப்பாயா?

இந்த மாதம் மூன்றாம் வாரம் எங்கள் அலுவலகத்து அம்மாள் ஒருவர் உன்னைக் கூப்பிடுவார். ரொம்ப நல்ல மாதிரி. 'தம்பி நல்லா வேலை செஞ்சான்' என்ற ஒரே வார்த்தை போதும். என்னைத் தூக்கி வளர்த்தவள் நீ. உன் வாயால் என்னைக் கெடுக்க மாட்டாய் என்று தைரியமாக இருக்கிறேன்.

தம்பி


23 ஆகஸ்ட்

தம்பிக்கு,

அம்மா சௌக்கியம். உன் ஜூலைக் கடிதத்தை அவளுக்குப் படிக்கவில்லை. ஆனால் தபால்காரர் வந்தது அவளுக்குத் தெரியும். அதனால் வெற்றுக் காகிதத்தைப் பார்ப்பது போல் அதைப் பார்த்துக்கொண்டே, நீ நலம், வேலை அதிகம், எல்லோரையும் கேட்டதாக எழுதியிருக்கிறாய் என்று நானாக ஏதோ வாசித்தேன். 'என்ன இவ்வளவு சின்னதா இருக்கு' என்றாள். உனக்காக அம்மாவிடமும் பொய் சொல்ல வேண்டியதாயிற்று.

நேற்று உங்கள் அலுவலகத்து அம்மாள் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். நீ வேலையில் எப்படி என்று கேட்டார். கெட்டிக்காரன் என்றேன். பக்கத்தில் சேர்ந்தவர்கள் எல்லாம் நிஜமான ஆட்கள்தானா என்றார். ஒவ்வொருத்தரும் நிஜம் என்றேன். இரண்டும் உண்மை. உன்னைப் பற்றி உண்மையாகச் சொல்ல நல்லது இவ்வளவு இருக்கிறதே என்று அந்த நேரத்திலும் மனசு குளிர்ந்தது. அப்படியே முடிந்திருந்தால் தேவலை.

"மறுபடியும் உங்க தொழிலை இவர்கிட்ட நம்பிக் குடுப்பீங்களா?" என்று கேட்டார்.

மாமா மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். உன் வாடகை, உன் படிக்கட்டு, அம்மா தெருவெல்லாம் பேசிய பேச்சு எல்லாம் கண்முன் வந்தது. ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"மாட்டேங்க" என்றேன். "நான் சரி பண்ணலாம்னு சொன்னதை, அவன் தேறாதுன்னு மாத்தி எழுதினான். எங்கிட்ட சொல்லவும் இல்ல."

அந்தப் பக்கம் சற்று நேரம் தட்டச்சு சத்தம். பிறகு நன்றி சொல்லி வைத்துவிட்டார். சொந்தத் தம்பி சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று அழுதேன். சொல்லாமல் விட்டிருந்தாலும் அழுதிருப்பேன். வேலை போனால் இங்கே வா. கதவு திறந்துதான் இருக்கும், உன்னைத் திட்டுவேன், அவ்வளவுதான்.

அக்கா


5 செப்டம்பர்

அன்புள்ள அக்கா,

நலம். நல்ல செய்தி. வேலை நிரந்தரமாகிவிட்டது. சம்பளமும் கூடியிருக்கிறது.

நீ என்ன சொன்னாய் என்று மேலாளர் அறைக்குக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். வேலை போய்விட்டது என்றே நினைத்து எழுந்துவிட்டேன். அவர் சிரித்தார். "கம்பெனிக்காக சொந்த அக்கா பேச்சையே மாத்தி எழுதியிருக்கீங்க. உங்களை நம்பி எந்தக் கம்பெனியையும் குடுக்கலாம்" என்று கை கொடுத்தார். இதைவிடப் பெரிய சிபாரிசை அவர் பார்த்ததில்லையாம். நீ என்ன நினைத்துச் சொன்னாயோ, நல்லதாகவே முடிந்தது. பழசை மறந்துவிடு. உனக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

ஜூன் மாதத்திலிருந்து கேள்விகள் பதிலில்லாமல் தேங்கிக் கிடக்கின்றன. உன் குரல் இல்லாமல் நாங்களே எழுதினால் ஜனங்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். உனக்கு மாதாமாதம் ஏதாவது தர ஏற்பாடு செய்கிறேன். யோசித்துச் சொல். அம்மாவிடம் நல்ல செய்தியை மட்டும் சொல்.

அன்புடன் தம்பி


18 செப்டம்பர்

தம்பிக்கு,

அம்மா நலம். மாமா நலம்.

உன் கடிதம் வந்தபோது அம்மா வாசலிலேயே இருந்தாள். உட்காரவைத்து முழுவதும் படித்தேன். மேலாளர் சிரித்ததையும், கை கொடுத்ததையும், நீ எனக்கு நன்றி சொன்னதையும், தேங்கிக் கிடக்கும் கேள்விகளையும். நல்ல செய்தியை மட்டும் சொல் என்று நீ எழுதியதையும் படித்தேன். பிறகு, அன்று மாற்றி வாசித்ததையும் சொல்லி, ஜூலைக் கடிதத்தையும் எடுத்து வந்து, முதல் வரியிலிருந்து படித்தேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

படித்து முடித்ததும் அவள் உன்னைத் திட்டுவாள், இல்லாவிட்டால் என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் நடக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இது அவன் எழுதினதுதானா?" என்று கேட்டாள். "இல்ல, அன்னைக்கு மாதிரி நீயா மாத்திப் படிக்கிறியா?"

இரண்டு கடிதங்களையும் அவள் கையில் கொடுத்தேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், மங்கல் இல்லாத கண்ணால் ரொம்ப நேரம் பார்த்தாள். எழுத்துப் பிடிபடவில்லை. அப்புறம் கடைக்குள் இருந்த மாமாவைக் கூப்பிட்டாள்.

"மாப்பிள்ளை, இதை நீங்க ஒரு தடவை படிங்க" என்றாள்.

அக்கா